பழவேற்காட்டுக் கடற்றிரை

கடலைத் தன் கீழெல்லையாகக் கொண்ட மாவட்டத்திற் பிறந்தார் யாவரும் கடலை அறிந்தவராவர் என்று உள்நாட்டினர் கருதுவதுண்டு. திருவள்ளூர் மாவட்டத்தினராகிய யாம் இக்கூற்றை விடுதித் தோழர்பாற் பலகாற் கேட்டு, உடன்படவும் மாட்டாது மறுக்கவும் மாட்டாது இருந்திருக்கிறோம். மேற்கே திருத்தணிகைக் குன்று. இடையே பூண்டி நீர்த்தேக்கமும் நெல்வயல்களும். வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். அவற்றிற்கும் அப்பால் உப்பங்கழி. கழிக்கும் அப்பால் ஒரு மணற்றிட்டு. அதற்கு அப்பாலன்றோ கடல்! எம்முள் இருவர் அத்தொழிற்பேட்டையை அடுத்த ஊரினர். அவர்கள் நாடோறும் கேட்டு வளர்ந்த ஒலி ஆலைச் சங்கின் ஒலியேயன்றி அலையின் ஒலியன்று.

இங்ஙனமிருக்க, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நிகழ்ந்தது. கருநாடகத்தைச் சார்ந்த இரமேஷ் புதிஹால் என்னும் வீரர் ஆடவர் பிரிவில் வெண்கலப் பதக்கம் எய்தினார். அச்செய்தி தாங்கிய நாளிதழ் விடுதிக் கூடத்தில் கைமாறிக் கிழிந்துபோயிற்று. அன்றிரவே எம்மிடையே ஒரு வினா எழுந்தது: அலைமேல் ஊர்ந்து விளையாடற்குச் சென்னையையும் கடந்து கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் செல்வானேன்? எம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் அலை இல்லையோ? வினவுதல் எளிதாயிற்று, விடை காண்டற்கு ஆவணியிற் றொடங்கி ஐப்பசி ஈறாகச் சில செலவுகள் வேண்டியிருந்தன. அச்செலவுகளில் யாம் கண்டனவும் அவை காரணமாக ஆராய்ந்து தெளிந்தனவுமே இக்கட்டுரை.

அலைச்சறுக்கு என்பது மேனாட்டார் விளையாட்டு என்று எண்ணுவார் பலர். அது பசிபிக்கு மாகடலின் நடுவணுள்ள ஹவாய்த் தீவினர் தொன்றுதொட்டுப் பயின்ற கலை. ஒலிம்பிக்கு நீச்சல் வீரராகிய டியூக் கஹானமோக்கு என்னும் அத்தீவினர் அதனை ஆத்திரேலியா முதலிய நாடுகளிற் பரப்பினார். எம் கரைக்கும் அது முற்றும் புதியதன்று. கட்டைகளைக் கயிற்றாற் பிணைத்த மரத்தின்மேல் நின்று, திரை பிளந்து சென்று, மீளுங்கால் அத்திரையின் முதுகிலேயே கரையேறுதல் சோழமண்டலக் கரைப் பரதவர்க்கு அன்றாடத் தொழிலாயிருந்தது. கட்டுமரம் என்னும் சொல்லையே ஆங்கிலர் தம் மொழிக்குக் கடன்கொண்டனர். இன்று பழவேற்காட்டுக் கரையில் நிற்பன பெரும்பாலும் இழைக்கண்ணாடிப் படகுகளே. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கட்டுமரங்கள் மிகவும் அருகிவிட்டன. கோவளத்து மீனவராகிய மூர்த்தி மேகவன் என்பார் இளமையில் வெறும் மரப்பலகையின்மேல் அலையேறிப் பழகிப் பின்னர் அருண் வாசு என்பாரின் துணையோடு அவ்வூரில் அலைச்சறுக்குப் பள்ளி அமைத்த வரலாறு பலரும் அறிந்ததே.

முதற்கண் எம்மை வியப்பில் ஆழ்த்தியது, கரையில் உடையும் திரை எங்கிருந்து வருகின்றது என்னும் செய்தி. வங்கக் கடலின் காற்றே அலையை எழுப்புகின்றது என்று யாம் எண்ணியிருந்தோம். சிற்றலைகளைப் பொறுத்தவரை அஃது உண்மையே. ஆயின், காற்றே இல்லாத விடியலிலும், நெடிய இடைவெளி விட்டு, ஒழுங்காக, ஓசையடக்கி வரும் பேரலைகள் உள்ளன. அவை பிறந்த இடம் இந்து மாகடலின் தென்கோடி. ஆங்குத் தென் அகலாங்கு 40 பாகைக்கும் 50 பாகைக்கும் இடையே இடையறாது புயல் வீசும். அப்புயல் எழுப்பிய அலை 15 விநாடிக்கு ஒன்றாக வருவதெனக் கொள்வோம். ஆழ்கடலில் அதன் ஒரு முகட்டிற்கும் மறு முகட்டிற்கும் இடையே 350 மீட்டர் தொலைவு இருக்கும். முகடு ஒன்று மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆயினும் அலைக்கூட்டம் அதிற் பாதி வேகத்திலேயே முன்னேறும். கூட்டத்தின் முன்னணியிலுள்ள அலை மாய, பின்னணியிற் புதியது தோன்றுதலே இதற்குக் காரணம். எனவே 7,000 கிலோமீட்டரைக் கடந்து எம் கரையை எய்த அக்கூட்டத்திற்கு ஏறத்தாழ ஏழு நாள் வேண்டும். ஞாயிறன்று யாம் காலடியிற் கண்ட நுரை, முந்திய ஞாயிறன்று பனிக்கடலின் அருகே பிறந்ததாகலாம் என்று எம் இயற்பியல் தோழர் கணக்கிட்டுக் காட்டியபோது, உடன் வந்தோர் சிறிது நேரம் வாய்திறந்திலர்.

அவ்வலைகள் எல்லாம் எம்மை எய்துவதுமில்லை. இலங்கைத் தீவு தெற்கே மறித்து நிற்கின்றது. நேரே வரும் அலையின் பெரும்பகுதியை அதன் தென்கரையும் கீழ்க்கரையும் வாங்கிக்கொள்ளும். அத்தீவின் கிழக்கே அறுகம் குடா அலைச்சறுக்கிற்கு உலகறிந்த இடமாயிருத்தல் இதனாலேதான். தீவின் கீழ்ப்புறத்தே கடந்து தென்கிழக்கிலிருந்து வருவனவே சென்னைக் கரைக்கும் அதன் வடக்கே பழவேற்காட்டிற்கும் கிடைக்கும் பங்கு. ஆகவே எம் கரையின் அலை பெரும்பாலும் முழங்காலுக்கு மேல், மார்பிற்குக் கீழ் என்ற அளவினது. பழகுவார்க்கு இதுவே நலம் என்பது எம் கருத்து.

அலையின் அளவினும் அதன் முகம் முதன்மையானது. கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று வீசின், அலையின் தலை தட்டுண்டு, உடையவேண்டிய இடத்திற்கு முன்னரே நொறுங்கும். கரையிலிருந்து கடல்நோக்கி வீசின், காற்று அலையைத் தாங்கி நிறுத்தும். முகம் கண்ணாடிபோல் வழவழப்புறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாகிய ஆனி முதல் புரட்டாசி வரையில் எம் கரையிற் கோடைக்காற்று மேற்கிலிருந்து வீசும். நண்பகலை அடுத்துக் கடற்காற்று எழுந்து அதனை வெல்லும். எனவே அலை காண விரும்புவார் அத்திங்கள்களில் விடியலிற் செல்லல் வேண்டும். பத்து மணிக்குமேற் கட்டுச்சோற்றுடன் வந்திறங்குவார் காண்பது வேறொரு கடல். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வாடையும் கொண்டலும் கூடி அலையை உயர்த்தும்; ஆயின் அவ்வலை கலங்கியது, ஒழுங்கற்றது, புயற்றொடர்புடையது. தையிலும் மாசியிலும் கடல் பெரிதும் அடங்கிக் கிடக்கும்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, முதல் இரயிலிற் புறப்பட்டுப் பொன்னேரியில் இறங்கி, ஆங்கிருந்து பேருந்தேறிப் பழவேற்காடு அடைந்தோம். ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்தம் கல்லறைகள் இன்னும் உள்ளன. அவற்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவதற்கு வரலாற்று மாணாக்கர் பலர் உளராதலின், யாம் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்தை அடுத்த கரைக்கு விரைந்தோம். எம்முள் ஒருவர் தென்கரையில் வாடகைக்குப் பெற்ற அலைப்பலகை ஒன்றை இரயிலிலும் பேருந்திலும் பிறர் வசைக்கு ஆளாகிச் சுமந்து வந்திருந்தார்.

கோவளத்தில் நிலம் கடலுட் சிறிது நீண்டு, அடியிற் பாறையும் கிடத்தலால், அலை ஒருபுறத்தே தொடங்கி மறுபுறம் நோக்கி வரிசையாக உடைந்து செல்லும். ஊர்வார்க்கு நெடுவழி கிடைக்கும். பழவேற்காட்டிற் பாறை இல்லை. வடக்குத் தெற்காகக் கோடு கிழித்தாற் போன்ற மணற்கரையே. அலை எங்கு உடையவேண்டும் என்பதை அங்கு விதிப்பது மணல். ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள இடத்திற்கு வந்தவுடன் கால் தடுக்கினாற் போல முன்சாய்ந்து உடையும். எனவே நுரை எழும் இடத்தை நோக்கின் அடியில் மணற்றிடர் உண்டென்பதும், நுரையில்லா இடத்தை நோக்கின் அடியில் ஆழம் உண்டென்பதும் கரையிலிருந்தே அறியலாகும்.

இதனை நூலிற் படித்திருந்தும், கண்ணாற் காணும் பழக்கம் எமக்கு இல்லை. பலகை கொணர்ந்த தோழர் கரையை நோக்கினார். இருபுறமும் வெண்ணுரை புரண்டு வர, இடையே சுமார் 20 அடி அகலத்தில் நீர் நுரையின்றிக் கறுத்து அமைதியாகக் கிடந்தது. அவ்விடமே இறங்குதற்கு ஏற்றதென்று அவர் சுட்டினார். படகினருகே வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதனைக் கேட்டு எழுந்து வந்தார்.

“தம்பிங்களா, நுரை இல்லாத இடம் சாந்தமான இடம்னு நெனைக்காதீங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது. அதுல எறங்கினா அதுகூடவே நீங்களும் போவீங்க.”

“எப்படித் தெரியும், ஐயா?” என்றோம்.

அவர் விடை கூறாது, கரையிற் கிடந்த காய்ந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்து அக்கறுத்த நீரில் எறிந்தார். நுரையில் எறியப்பட்டது கரைக்கு மீளும் என்பது குழந்தையும் அறியும். இம்மட்டையோ, எவரோ கயிறு கட்டி இழுத்தாற்போலக் கடல்நோக்கிச் சென்றது. யாம் ஐம்பது எண்ணுவதற்குள் உடையும் அலைகளின் வரிசையைக் கடந்துவிட்டது. பலகையுடையார் பலகையை மணலில் வைத்தார்.

அலைகள் கரைமேல் ஏற்றிய நீர் முழுதும் ஏதேனும் ஒரு பள்ளத்தைத் தேடி ஒருங்கே வெளியேறும். அவ்விழுப்பிற்கு எதிராகக் கரைநோக்கி நீந்துதல் வல்லாராலும் இயலாது. நீந்தித் தளர்ந்தே பலர் மாள்கின்றனர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பினின்று விலகிப் பின்னர் நுரையோடு கரை சேர்தலே உய்யும் வழி. நீந்த இயலாதார் மிதந்தவாறே கையுயர்த்தி உதவி வேண்டல் வேண்டும். இச்செய்தியை இவ்விதழைப் படிக்கும் மாணாக்கர் மறவாதிருப்பாராக. கட்டுரையின் பிற பகுதிகளை மறப்பினும் யாம் வருந்தோம். பழவேற்காட்டின் முகத்துவாரத்தருகே இவ்விழுப்பினும் கொடியது ஒன்றுண்டு. ஆரணியாறும் காளங்கியாறும் பாயும் பேரேரி அது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுட் சிலிகையை அடுத்துப் பெரியது. கடல் வடியுங்கால் அவ்வேரி நீர் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாயும். எதிரே அலை வரும். இரண்டும் மோதுமிடத்தில் மணற்றிடரின்மேல் அலை அழகாக உயர்ந்து உடையும். கரையில் நிற்பார்க்கு அதுவே அக்கரையின் மிகச் சிறந்த அலையாகத் தோன்றும். அதன் அருகே செல்லலாகாது என்று முதியவர் இருமுறை கூறினார்.

2011-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காட்டிற் படகு கவிழ்ந்து, விடுமுறை கழிக்க வந்த 22 பேர் உயிர் நீத்தனர். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணாக்கர் ஐவரை அலை கொண்டது. அப்பொழுது கரையிற் புயலில்லை. தொலைத் தென்கடலிற் பிறந்த நெடியலையே, மேலே யாம் கணக்கிட்டுக் காட்டிய அதே முறையில், நாட்கள் பல நடந்து வந்து திடீரெனக் கரையேறிற்று. முன்னறிவிப்பின்றி வருதலால் அதனைக் குமரிக் கரையினரும் மலையாளக் கரையினரும் கள்ளக்கடல் என்பர். ஆயின், ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அன்றைக்கு முன்னரே எச்சரிக்கை விடுத்திருந்தது என்பதை எண்ணுந்தோறும் எம் நெஞ்சு கனக்கின்றது. அலையின் உயரம், இடைவெளி, திசை ஆகிய மூன்றையும் அம்மையம் நாடோறும் அறிவிக்கின்றது. எவரும் தம் கைப்பேசியிற் காணலாம். உயரம் மட்டும் கண்டு மகிழ்வார் உளர். இடைவெளி 15 விநாடிக்கு மேற்படின், உயரம் சிறிதாயினும் அந்நாளை அஞ்சுதல் தகும். நெடியலை கரைமேல் நெடுந்தூரம் ஏறும்.

பழைய சென்னையில் இத்தகைய அறிவிப்பிற்கு ஒரு வழி இருந்தது. துறைமுகச் சுவர் எழுதற்கு முன், மரக்கலங்கள் அலைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளை மசுலாப் படகுகள் கரை சேர்க்கும். ஆணியின்றிக் கயிற்றாற் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதுங்கால் உடையாது நெகிழ்ந்து கொடுக்கும். அலை மிகக் கொடிதாய நாளிற் கரையிலுள்ள அலுவலகத்திற் கொடியேற்றுவர். கொடி பறக்குங்காறும் படகு செல்லாது. யாம் சென்ற ஞாயிறு பழவேற்காட்டுக் கரையில் நூற்றுக்கணக்கானோர் நீரில் நின்றனர். அவருட் பலர் தொழிற்பேட்டையிற் பணிசெய்ய வடநாட்டினின்று வந்து, வாழ்நாளில் முதன்முறை கடல் கண்ட இளைஞர் என்பது அவர்தம் பேச்சாற் புலனாயிற்று. கொடி எதனையும் யாம் கண்டிலம். தென்னை மட்டை எறிந்த முதியவர் ஒருவரே அன்று கொடியாக நின்றார். இந்தியில் நான்கு சொற்களையும் கையசைவையும் கொண்டு அவ்விளைஞரை அக்கறுத்த நீரினின்று விலக்கிக்கொண்டிருந்தார்.

எம்மை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே அரைப் பர்லாங்கு தொலைவில் மணல் மெல்லச் சரிந்து, அலை தொலைவிலேயே உடைந்து, இடுப்பளவு நுரையாகச் சீராக வரும் இடம் ஒன்றைக் காட்டினார். தோழர் ஆங்கு இறங்கினார். பதினொரு முறை ஏறினார். பதினொரு முறையும் வீழ்ந்தார். குப்பத்துச் சிறுவன் ஒருவன், வயது பன்னிரண்டிருக்கும், தான் வைத்திருந்த உடைந்த தெர்மாக்கோற் பாளத்தை எமக்கு ஈடாகக் கொடுத்துப் பலகையை இரவல் கேட்டான். முதல் அலையிற் குப்புறக் கிடந்து வந்தான், இரண்டாவதில் நின்றான்! நின்றவாறே கரைவரை வந்து, பலகையைத் திருப்பித் தருங்கால், “இது நீளம் ஜாஸ்தி, அண்ணா” என்று குறையும் கூறினான். எம் தோழர்க்கு அன்று முழுதும் பேச்சில்லை.

அச்சிறுவனுடைய தந்தைக்கும் அம்முதியவர்க்கும் அலை விளையாட்டன்று என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம். அவர்களுடைய கவலை முழுதும் மணலைப் பற்றியது. தென்கிழக்கினின்று சாய்வாக வரும் அலை, ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே தள்ளிக்கொண்டு செல்லும். வாடைக்காலத்திற் சிறிது தெற்கே மீட்கும். இவ்வோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பின், தென்புறம் மணல் குவியும்; வடபுறம் கரை தேயும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகன்றதும், இராயபுரத்துக்கு வடக்கே கரை அரிப்புண்டதும் இதற்குச் சான்று. எண்ணூரில் 2001-ஆம் ஆண்டில் ஒரு துறைமுகமும், பின்னர்க் காட்டுப்பள்ளியில் மற்றொன்றும் எழுந்தன. இரண்டும் பழவேற்காட்டிற்குத் தெற்கே உள்ளன. தமக்கு வரவேண்டிய மணல் எங்கு நிற்கின்றது என்று மீனவர் வினவுதல் வியப்பன்று. மற்றொருபால், மழை குன்றிய காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். அடைபடின் படகு கடலுக்குச் செல்லாது. இறாலும் மீன்குஞ்சும் ஏரிக்குள் வாரா. ஆகவே கரையில் மணல் குறைகின்றது என்றும், வாயில் மணல் மிகுகின்றது என்றும் ஒரே ஊரார் ஒரே மூச்சில் முறையிடுகின்றனர், இரண்டும் உண்மை. வாய் அடைபடாதிருக்கக் கற்சுவர் கட்டும் பணியை அரசு அண்மையில் மேற்கொண்டது. அச்சுவரால் வாய் திறந்திருக்குமாயின் மீனவர்க்கு நன்று. அதன் வடபுறம் என்னாகும் என்பதை முதியவரிடம் வினவினோம்; அவர் வடக்கே சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, வலைக்குத் திரும்பினார்.

ஐப்பசியில் மீண்டும் சென்றபோது பலகையை எடுத்துச் செல்லவில்லை. இரண்டு நாள் முன்னர் நல்ல மழை பெய்திருந்தது. ஏரி நீர் செம்மண் நிறத்துடன் வாய்வழியே கடலுட் பாய்ந்து, கரைக்கப்பால் நெடுந்தூரம் ஒரு பழுப்புக் கோடு இட்டிருந்தது. அலை மூன்று வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடைந்தது. ஆவணியில் தோழர் பதினொரு முறை வீழ்ந்த இடத்தைத் தேடினோம். கலங்கரை விளக்கத்தை அடையாளமாகக் கொண்டு அடியளந்து சென்றும், அம்மணற்சரிவு அவ்விடத்தில் இல்லை. கரை செங்குத்தாக அரிக்கப்பட்டு, முன்னர் இடுப்பளவு நுரை வந்த இடத்தில் நுரையின்றிக் கறுத்த நீர் நின்றது. நுரையில்லா இடத்தை எம் தோழர் இம்முறை தாமே முதலிற் கண்டு, எவரும் சொல்லாமுன் ஒரு மட்டையை எடுத்து எறிந்தார். அது கடல்நோக்கிச் சென்றது.

முதியவர் தம் படகை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தார். எம்மை அடையாளம் கண்டு நகைத்து, பலகை எங்கே என்று கேட்டார். அடுத்து எப்பொழுது வரலாம் என்று வினவினோம்.

“வாடை முடியட்டும், தம்பி. அதுக்கப்புறம் மணல் எங்க நிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன். இப்பவே கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”